தாண்டும்போது அண்ணன் ஏன் திரும்பினான்

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, மெட்ராஸில் உடற்பயிற்சிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். மனிதன் எப்படி ஓடுகிறான், எப்படித் தாண்டுகிறான் என்பதுதான் அவருக்குப் படிப்பு. இதற்கு மெட்ராஸ் வரை போகவேண்டுமா, எங்கள் காளையை அவிழ்த்துவிட்டால் போதாதா என்றார்கள் ஊர்க்காரர்கள்.

ஒரு கோடை விடுமுறையில், சாவி கொடுத்தால் ஓடும் சினிமா காமிரா ஒன்றைக் கல்லூரியில் இரவல் வாங்கிக்கொண்டு, ஓசூருக்குப் பக்கத்திலிருந்த எங்கள் ஊருக்கு வந்தார். படம் பிடிக்க அவர் தேர்ந்தெடுத்தது என் அண்ணனை. அண்ணன் உயர்நிலைப் பள்ளியில் நீளம் தாண்டுவதில் முதல்வன். பெங்களூரில் ராணுவத்துக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள், விளையாட்டுக்காரர்களுக்குச் சலுகை உண்டு என்று கேள்விப்பட்டதிலிருந்து அவனுக்கு வீட்டில் கால் தரிக்கவில்லை.

அறுவடை முடிந்து கிடந்த ராகிக் கொல்லையில் மணல் கொட்டி, மிதித்து எழும்ப ஒரு பலகையும் பதித்தார்கள். அண்ணன் தாண்டினான், காமிரா கர்ரென்றது. சுருள் பெங்களூருக்குப் போய்க் கழுவப்பட்டு பஸ்ஸில் திரும்பி வந்தது. மாமா அதை வெயிலில் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துக் கட்டம் கட்டமாகப் பார்த்தார். எனக்கும் காட்டினார். நகத்தளவு கட்டங்களில் நகத்தளவு அண்ணன்கள். ஒருவன் காலைத் தூக்கியிருந்தான். அடுத்தவன் இன்னும் கொஞ்சம் தூக்கியிருந்தான். இத்தனை பேரும் எப்படி ஒரே அண்ணனாக ஓடினார்கள் என்று எனக்கு விளங்கவேயில்லை.

மாமாவுக்கு வேறொன்று விளங்கவில்லை. பலகையை நெருங்கும்போதெல்லாம் அண்ணன் முகத்தை இடப்பக்கம் திருப்பினான். தலை திரும்பினால் தோள் திரும்பும், தோள் திரும்பினால் தூரம் குறையும் என்றார் மாமா.

"நேராப் பாத்து ஓடுடா."

"நேராத்தான் மாமா பாக்கறன்."

மறுபடியும் ஓடினான், மறுபடியும் திரும்பினான். இடப்பக்கம் அப்படி என்ன இருக்கிறது என்று மாமா போய்ப் பார்த்தார். வேலியும் ஒரு வெள்ளாடும்தான் இருந்தன. ஆட்டை வேறிடத்தில் கட்டிப் பார்த்தார். பலனில்லை.

அன்று சாயங்காலம், அண்ணன் இல்லாத நேரத்தில், மாமா என்னைக் கொல்லைக்கு அழைத்துப்போனார். கைக்குட்டையால் என் இடக்கண்ணைக் கட்டி, பலகையை மிதித்துத் தாண்டச் சொன்னார். தாண்டி மணலில் விழுந்து நிமிர்ந்தபோது அவர் வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தார்.

"நல்லாத் தாண்டினனா மாமா?"

"அண்ணன் மாதிரியே தலையத் திருப்பித் தாண்டின பாப்பா" என்றார். கைக்குட்டையை அவிழ்த்தார். "வீட்ல சொல்லவேணாம்."

ஏழு வயதுப் பெண்ணால் இவ்வளவு பெரிய பெருமையை எப்படி மூடிவைக்க முடியும்? ராகி அரைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் ஓடினேன்.

"ஒரு கண்ணக் கட்டிக்கிட்டா நானும் அண்ணன் மாதிரியே திரும்பித் தாண்டறம்மா, மாமாவே சொன்னாரு!"

திரிகை நின்றது. அண்ணன் வந்ததும் அம்மா அவனை எதிரே உட்காரவைத்து, வலக்கண்ணை உள்ளங்கையால் பொத்தினாள். மாவு படிந்த மற்றக் கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"எத்தன வெரலுடா?"

அண்ணன் சிரித்தான். "என்னாத்துக்கும்மா இதெல்லாம்?"

"போன வருசம் கில்லி பட்ட கண்ணுதான இது? ஆறிப்போச்சுன்னு சொன்னியே. சொல்லுடா, எத்தன வெரலு?"

அண்ணனின் சிரிப்பு போய்விட்டது. பொத்திய கையை விலக்கப் பார்த்தான். மாமா வாசலில் வந்து நின்றார்.

ஒரு கண் தெரியாதவனை ராணுவத்தில் எடுக்கமாட்டார்கள், பெங்களூர்ப் பயணம் அந்த இடத்தோடு முடிந்துவிட்டது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் இவ்வளவு பெரிய வகுப்பு படிக்கிறவனுக்கு இதுகூடவா எண்ணத் தெரியாது என்றுதான் வியந்தேன். யாரும் சொல்லாத விடையை நான் சொன்னேன்.

"மூணு!"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். மெச்சிக்கொள்ளத்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்து, இன்னும் உரக்க இன்னொரு தரம் சொன்னேன்.