தாய் நாயோடு வந்த பெண்

1984ஆம் ஆண்டு மாசி மாதம். அப்போது நான் யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் இருந்தேன். கணவருக்கு மன்னாரில் வேலை. மாதத்தில் ஒருமுறைதான் வருவார். பெரிய வளவுக்குள் நானும் இரண்டு சின்னப் பிள்ளைகளும் மட்டும். காவலுக்கு ஒரு நல்ல நாய் வாங்கு என்று கணவர் கடிதத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

கொடிகாமத்தில் ஒருவர் அசல் அல்சேஷன் குட்டிகள் விற்பதாகக் கேள்விப்பட்டு ஒரு சனிக்கிழமை பஸ் ஏறினேன். தனியாகப் போகவில்லை. என்னோடு படிப்பித்த சண்டிலிப்பாய் ஆசிரியை ஒருவரையும் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு நாய் வாங்கும் எண்ணமே இருக்கவில்லை. இப்படி ஒரு சாதி நாய் பிறகு கிடைக்காது என்று ஆசை காட்டியது நான்தான்.

விற்பவர் இனிக்க இனிக்கக் கதைத்தார். முற்றத்தில் கட்டியிருந்த உயரமான அல்சேஷனைக் காட்டி, அதுதான் தாய் என்றார். பரம்பரை விபரம் தட்டச்சில் அடித்த தாள் ஒன்றையும் தந்தார். மூன்று குட்டிகளில் ஒன்று ஏற்கெனவே விலைப்பட்டுவிட்டதாம். மற்ற இரண்டும் முதுகில் கருகருவென்ற நிறத்தோடு பார்க்க அவ்வளவு அழகு. இரண்டு மாதக் குட்டிகள் என்றார். அவருடைய மனைவி எங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். எங்கள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவேயில்லை. அவர் கேட்ட விலையைக் கொடுத்து, ஆளுக்கொரு குட்டியோடு திரும்பினோம்.

அடுத்த நாளே குட்டி சோர்ந்துவிட்டது. சோறு தொடவில்லை. தட்டில் வைத்த பாலை நக்கவும் தெரியவில்லை. பேனாவுக்கு மை விடும் குழாயைக் கழுவி, அதால் சொட்டுச் சொட்டாகப் பால் விட்டேன். பாதி வெளியே வழிந்தது. திங்கட்கிழமை காலை ஈரத்துணியால் அதன் உடம்பைத் துடைத்தபோது துணி கறுப்பாகிவிட்டது. இன்னும் அழுத்தித் துடைத்தேன். முதுகு மண்ணிறமாக வந்தது.

கோபத்தைவிட எனக்கு வெட்கம்தான் வந்தது. அன்றைக்குப் பாடசாலையில் அந்த ஆசிரியை கேட்டார்: "உங்கடை குட்டி சாப்பிடுதோ? என்ரை ஒண்டும் தொடுதில்லை."

"இடம் மாறினதுதானே, ரெண்டு நாளிலை சரியாயிடும்" என்றேன். துணியில் ஒட்டிய கறுப்பைப் பற்றி வாய் திறக்கவில்லை. நான் ஏமாந்ததை அவர் அறியக்கூடாது என்பதுதான் அப்போது எனக்குப் பெரிதாக இருந்தது.

புதன்கிழமை பாடசாலை விடுமுறை. காலை பத்து மணியிருக்கும், வாசல் படலையடியில் யாரோ கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால், தேத்தண்ணி தந்த அதே பெண். முழங்கால்வரை புழுதி. கையில் ஒரு கயிறு; கயிற்றின் மறுமுனையில் மெலிந்த மண்ணிற ஊர் நாய் ஒன்று, மடி பால் கட்டி வீங்கி நின்றது.

"ரீச்சர், குட்டி உயிரோடை இருக்கோ?" என்றுதான் முதலில் கேட்டார். இருக்கிறது என்றதும் மூச்சு விட்டார். "இதுதான் தாய். அண்டைக்குக் காட்டினது வேறை வீட்டு நாய். குட்டிக்கு இன்னும் ஒரு மாதமும் ஆகேல்லை. கறுப்பு, சப்பாத்து மை. என்ரை மனுசன்தான் பூசினவர். நான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

குட்டியைக் கொண்டுவந்து கீழே விட்டேன். தாய் அதை ஒருமுறை முகர்ந்துவிட்டு அப்படியே சரிந்து படுத்தது. குட்டி பால் குடிக்கும் சத்தம் கேட்கத் தொடங்கியதும் அந்தப் பெண்ணும் நிலத்தில் குந்திவிட்டார்.

கத்தரிக்காய் ஏற்றிய லொறியில் சாக்குகளுக்கு மேல் நாயோடு இருந்து எங்கள் ஊருக்குப் பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தைவரை வந்து, அங்கிருந்து கோப்பாய் ரீச்சர் வீடு எது என்று விசாரித்தபடி நடந்திருக்கிறார். புருஷன் போகவேண்டாம் என்று மறித்தாராம். "ஒளிச்சு வரேல்லை. சொல்லிப்போட்டுத்தான் வந்தனான்" என்றார். முதல் குட்டி வாங்கிய வீட்டுக்கு முந்தின நாளே போயிருக்கிறார். அது செத்துவிட்டது. அந்த வீட்டார் தெருவில் வைத்துக் கண்டபடி ஏசியிருக்கிறார்கள்.

"குட்டி செத்தது தெரிஞ்சாப் பிறகு, பேசாமல் திரும்பியிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"தாங்கள் சரியாப் பாக்காமல் விட்டுத்தான் செத்ததெண்டு அந்த வீட்டுப் பிள்ளையள் அழுதுகொண்டு நிண்டதுகள், ரீச்சர். பிழை அதுகளிலை இல்லையெண்டு சொல்லவேணுமெல்லோ."

பிறகு, "உங்களோடை வந்த ரீச்சற்றை வீடு எங்கை?" என்று கேட்டார்.

வழி மட்டும் சொல்லிவிட்டு நான் நின்றிருக்கலாம். அவரைப் பார்த்த பிறகு அது முடியவில்லை. பிள்ளைகளையும் தாய் நாயையும் பக்கத்து வீட்டாரிடம் பார்க்கச் சொல்லிவிட்டு, அவரைச் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு சண்டிலிப்பாய்க்கு மிதித்தேன். வழி முழுக்க வாய்க்குள் வசனம் தேடினேன்.

அந்த ஆசிரியையின் வீட்டில் குட்டி ஒரு பெட்டிக்குள் துவண்டு கிடந்தது. கொடிகாமத்துப் பெண் சொல்ல வாயெடுத்தபோது நான் முந்திக்கொண்டேன்: "எங்களை ஏமாத்திப்போட்டினம். எனக்குத் திங்கக்கிழமையே தெரியும்."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"வெக்கமா இருந்தது."

அவர் என்னோடு மேலே ஒன்றும் கதைக்கவில்லை. கொடிகாமத்துப் பெண் சொன்னதை எல்லாம் கேட்டார். பிறகு குட்டியை ஒரு துவாயில் சுற்றி, என் பக்கம் பார்க்காமல், அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தார்.

மூன்று கிழமை தாயும் இரண்டு குட்டிகளும் எங்கள் வீட்டில் நின்றன. இரண்டும் தப்பிவிட்டன. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பெண் வந்து பார்த்துப் போவார். தாயைத் திருப்பிக் கூட்டிப்போக வந்த நாளில் புருஷனும் வந்திருந்தார். படலைக்கு வெளியே சைக்கிளைப் பிடித்தபடி, "பிழை விட்டிட்டன், ரீச்சர்" என்றார். மனைவி அவரைத் தூண்டவுமில்லை, அவருக்காகக் கதைக்கவுமில்லை. பொறுமையாக நாயின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் குட்டியின் காதுகள் கடைசிவரை நிமிரவே இல்லை. ஆனாலும் வளவுக்குள் அந்நியர் ஒருவரையும் விடாது. சண்டிலிப்பாய் ஆசிரியை தன் குட்டியை வாங்க வந்தபோதும் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அதற்கு மேலும் பல நாட்கள் சென்றுதான் கதைத்தார். அது நியாயம்தான்.

அந்தப் பெண்ணுக்கு அப்போது முப்பது வயதுகூட இருந்திருக்காது. வீட்டோடு இருந்திருந்தால் அவரை யாரும் குற்றம் சொல்லியிருக்கமாட்டார்கள். என் பிழையை ஒருவரிடம் போய் ஒத்துக்கொள்ள வேண்டி வரும்போது இன்றைக்கும் எனக்குக் கால் பின்னத்தான் செய்கிறது. ஆனால் தன் கையால் செய்யாத பிழைக்காக வீடு வீடாகப் போய் நின்ற ஒருவரைக் கண்ணால் கண்டிருக்கிறேன், அதனால் எப்படியோ போய்ச் சொல்லிவிடுகிறேன்.