நான்கு தறிகளும் ஒரு வினைச்சொல்லும்

எட்டு மாதம் எங்கள் வீட்டில் ஓர் இத்தாலிய வினைச்சொல் வாடகை தராமல் குடியிருந்தது. பார்லாரே. பேசுதல் என்று பொருள். அதைக் கூட்டிக்கொண்டு வந்தவள் என் மனைவி. அதைக் கட்டிக்கொண்டு மாரடித்தவன் நான்.

அவள் நர்ஸ். தினமும் திருத்தணியில் ரயிலேறி அரக்கோணத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போய் வருகிறவள். பதினாறு வருட வேலையில் "சிஸ்டர், இங்க வா" என்பதற்கு மேல் அவளுக்கு ஒரு மரியாதையும் கிடைத்ததாக எனக்குத் தெரியவில்லை. இத்தாலியில் ஒரு மருத்துவமனைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, விண்ணப்பம் போட்டுவிட்டுத்தான் என்னிடம் சொன்னாள்.

"பாவா, நான் இத்தாலிக்கு அப்ளிகேஷன் போட்டுக்கீறேன்."

அவள் என் தாய்மாமன் மகள். பாவாடை கட்டிய காலத்திலிருந்தே நான் அவளுக்குப் பாவாதான்; எங்கள் வீட்டுத் தெலுங்கில் அத்தை மகனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"இத்தாலியா? அதுக்கு எந்த பஸ் ஏறணும்?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். போ என்றும் நான் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கஷ்டமான கேள்வி வந்தால் கிண்டலில் புகுந்துகொள்வது என் பழக்கம். நாற்பத்தைந்து வயது வரைக்கும் அது என்னைக் கைவிட்டதில்லை.

இத்தாலிய மொழியில் பேசிக்காட்டித் தேறினால் இரண்டு வருட வேலை. முதல் தடவை அவள் தேறவில்லை. இன்னும் ஒரே ஒரு தடவை முயன்று பார்க்கலாம். அதிலும் தவறினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். கொச்சியிலிருந்து செல்போன் வழியாகப் பாடம் நடத்திய டீச்சரம்மா, "ஒழுங்காக நடக்கும் ஒரு வினையை முழுசாகப் பிடித்துக்கொள்ளுங்கள், ஆயிரம் வினை அதன் பின்னாலேயே வரும்" என்று சொல்லிக் கொடுத்த வினைதான் இந்தப் பார்லாரே.

நான் லுங்கி நெய்கிறவன். வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் நான்கு விசைத்தறி. நான்கும் ஓடினால், பக்கத்தில் நிற்கிறவரிடம் பேசுவதானாலும் நாலு ஊர் தள்ளி கனகம்மாசத்திரத்தில் நிற்கிறவரிடம் பேசுகிற குரலில்தான் பேசியாக வேண்டும். அவள் காலை ஷிப்ட் முடிந்து வீடு திரும்ப மூன்று மணி ஆகிவிடும். அந்த நேரத்தில் தறியை நிறுத்த முடியாது. ஆகவே நோட்டை என் கையில் கொடுத்துவிட்டு, குறுக்கு நூலைத் தாராகச் சுற்றும் இடத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கத்தி ஒப்பிப்பாள்.

"இயோ பார்லோ! தூ பார்லி! லூயி பார்லா!"

நான் பேசுகிறேன், நீ பேசுகிறாய், அவன் பேசுகிறான். பிறகு நோய் பார்லியாமோ, வோய் பார்லாத்தே, லோரோ பார்லனோ. ஆறு பேருக்கு ஆறு வால். நூலை இழுத்துக்கொண்டு நாடா தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிக்கிற அடிக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. இரண்டாம் நாளே பக்கத்துக் கொட்டகைக்காரம்மா ஓடி வந்து, "இன்னா சண்டை உங்களுக்குள்ள? எதுனாலும் உக்காந்து பேசிக்குங்க" என்றார். அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம் என்றேன். அவர் நம்பவில்லை.

ஒப்புவிக்கக் கேட்டுக் கேட்டு எனக்கே பாதி இத்தாலி வந்துவிட்டது. எனக்கு அந்த மொழிமேல் சில புகார்கள் உண்டு. நாம், நாங்கள் இரண்டுக்கும் அவர்களிடம் ஒரே சொல்தான். "நாங்கள் போவோம்" என்று ஒருத்தி சொன்னால் அதில் புருஷன் சேர்த்தியா, இல்லையா? எப்படித்தான் குடும்பம் நடத்துகிறார்களோ! கட்டளை வாய்பாட்டில் 'நான்' என்கிற வரிசையே கிடையாது. தனக்குத்தானே உத்தரவு போட முடியாதாம். அது நியாயம்தான், பீடியை நிறுத்து என்று நான் எனக்கே எத்தனையோ தடவை உத்தரவு போட்டுப் பார்த்திருக்கிறேன். ரொம்ப முந்தின காலத்தில் பேசியதற்கென்று ஒரு வாய்பாடு இருக்கிறது. பார்லாய். அதைப் பார்த்தால் அடையாளம் தெரிந்தால் போதும், வாயில் வர வேண்டாம் என்றார் டீச்சரம்மா. கல்யாணத்துக்கு வந்த பித்தளைப் பாத்திரம் எங்கள் பரணில் அப்படித்தான் கிடக்கிறது. 'பேசியிருப்பேன், ஆனால்' என்று இழுக்கிற வாய்பாடும் ஒன்று உண்டு. அதை என் பங்காளிகளுக்குச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம்.

எல்லாவற்றிலும் அவளைப் படுத்தியது ஒன்றுதான். ஆசை, சந்தேகம், பயம் இவற்றைச் சொல்லும்போது வினையை அப்படியே சொல்லக் கூடாதாம், வாலை மாற்ற வேண்டுமாம். 'அவன் பேசுகிறான்' என்றால் பார்லா. 'அவன் பேச வேண்டுமே என்று நினைக்கிறேன்' என்றால் பார்லி. முதல் தடவை அவளைக் கவிழ்த்ததும் இதுதான்.

இரண்டாம் தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு நாள் அந்த வாய்பாட்டை ஒப்பித்தாள். பார்லி என்று வர வேண்டிய இடத்தில் பார்லா என்றாள். நோட்டு என் கையில் இருந்தது. சரியான சொல்லுக்கு மேலேயே என் கட்டைவிரல் இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள்.

"ஆங், சரிதான்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று கேட்டால் சுற்றி வளைக்க விரும்பவில்லை. அவள் தவற வேண்டும் என்று நினைத்தேன். மகள் வேலூரில் விடுதியில் படிக்கிறாள். இவளும் போய்விட்டால் அந்த வீட்டில் நானும் நான்கு தறியும்தான். அது எனக்குப் பயமாக இருந்தது. பயத்தை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது. சொல்லாமல் அவள் காலைத் தட்டிவிட மட்டும் வெட்கமாக இல்லை. அதற்குப் பிறகு நான்கைந்து தடவை அதே தப்பு வந்தது. நான்கைந்து தடவையும் தலையாட்டினேன்.

தேர்வு கிருத்திகை அன்று வந்து விழுந்தது. மத்தியானம் மூன்று மணி. தெருப் பக்கம் காவடிகளும் பம்பையும் ஒலிபெருக்கியுமாக இருந்ததால், வீட்டுக்குள் உட்கார்ந்து பேச வழியில்லை. கொட்டகைதான் உள்ளே தள்ளி இருந்தது. நான் நான்கு தறியையும் நிறுத்தினேன். கரண்ட் போனாலோ யாராவது செத்தாலோ தவிர அந்த நேரத்தில் நான்கும் சேர்ந்து நின்றதில்லை. அவள் நல்ல புடவை கட்டி, செல்போனைத் தார்ப் பெட்டிமேல் சாய்த்து வைத்து உட்கார்ந்தாள். நான் போனுக்குப் பின்னால், முதல் தறியை ஒட்டி நின்றேன்.

திரையில் வெள்ளை முடியும் கண்ணாடியுமாக ஒரு இத்தாலிக்கார அம்மாள் வந்தார். வணக்கம் சொல்லி ஏதோ கேட்டார்.

என் மனைவி பதில் சொன்னாள். கொட்டகைக் குரலில் சொன்னாள்.

தறியைத்தான் நிறுத்தியிருந்தேன். அவள் தொண்டையை நிறுத்த எனக்குத் தோன்றவே இல்லை. எட்டு மாதமாக அந்த மொழியை நான்கு தறிக்கு மேல் கத்தியே பழகியவள். தமிழை மெதுவாகப் பேசுவாள், தெலுங்கைக் கொஞ்சுவாள். இத்தாலியை அவளுக்குக் கத்தத்தான் தெரியும். அந்த அம்மாள் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். காதில் இருந்த இயர்போனைக் கழற்றிவிட்டு, கவலையாக ஏதோ கேட்டார். யார்மேல் கோபம் என்று கேட்டாராம். இவளுக்குப் புரிந்தது, பதில் வரவில்லை. முகம் வெளுத்து, வாய் பாதி திறந்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

நான் ஆசைப்பட்டது என் கண் முன்னாலேயே நடந்துகொண்டிருந்தது. இன்னும் அரை நிமிடம் சும்மா நின்றிருந்தால் போதும், அவள் எங்கேயும் போகமாட்டாள். ஆனால் அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. போனை எடுத்துத் தறியைப் பார்க்கத் திருப்பிவிட்டு, சுவிட்சைத் தட்டினேன்.

ஒரு தறி ஓடினாலே கொட்டகை அதிரும். அந்த அம்மாள் ஒரு விநாடி திகைத்தார். பிறகு தறியைக் கண்டார், பாதி நெய்த லுங்கியைக் கண்டார், அதன் பக்கத்தில் அசடு வழிய நின்ற என்னையும் கண்டார். வாய்விட்டுச் சிரித்தார். நான் தறியை நிறுத்திவிட்டுப் போனை மறுபடி அவள் பக்கம் திருப்பி வைத்தேன். என் மனைவிக்கு மூச்சு திரும்பியது. இது எங்கள் தொழில், இங்கேதான் படித்தேன், அதனால்தான் இந்தக் குரல் என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். கைகள் பேசியதிலிருந்து அவ்வளவுதான் எனக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு கேள்விகள் மளமளவென்று வந்தன. பேசினேன், பேசுவேன், பேசிக்கொண்டிருந்தேன் எல்லாம் போட்டு வைத்த பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

கடைசியாக ஒன்று கேட்டார். அதில் 'மரீத்தோ' என்று வந்தது. புருஷன். அந்தச் சொல் எனக்குத் தெரியும். நீ வருவதில் உன் புருஷனுக்குச் சம்மதமா என்பதுதான் கேள்வி.

அவள் என்னைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தே சொன்னாள். "நோன் ஸோ. ஸ்பேரோ கே லூயி பார்லி."

தெரியவில்லை. அவர் வாய் திறந்து பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பார்லி என்றாள். நான் தலையாட்டிக் கெடுத்த அதே இடத்தில் சரியான வாலைப் போட்டாள். அந்த அம்மாள் தலையசைத்து எழுதிக்கொண்டார். எனக்குக் காது மடல் சுட்டது.

இணைப்பைத் துண்டித்த பிறகு தறியின் கைப்பிடியைத் துடைக்கிற சாக்கில் சொன்னேன். "நான் உனக்குத் தப்பைச் சரின்னு சொன்னேன்மே. வேணும்னே சொன்னேன்."

"தெரியும் பாவா. அன்னிக்கே டீச்சர்கிட்ட கேட்டுத் திருத்திக்கினேன்."

"அப்பறம் இன்னாத்துக்கு என்கிட்ட அதே தப்பையே சொல்லிகினு இருந்த?"

"நீ எப்பத்தான் சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தேன். தப்புன்னு சொல்லுவியோ, போவாதன்னு சொல்லுவியோ. ரெண்டுல ஒண்ணு. நீ தலைய ஆட்டிகினே இருந்த." அவள் செல்போனை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். "இப்பவாவது சொல்லு. பஸ் கதையெல்லாம் வாணாம்."

தெருவில் பம்பைச் சத்தம் மலைப் பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு கிண்டல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதை விழுங்கினேன்.

"நீ இல்லாம எனக்குப் பயமா இருக்குது," என்றேன். "நீ தேறக் கூடாதுன்னு நெனச்சேன். இப்ப அப்படி நெனைக்கல. நீ போ."

முதல் தடவை தவறியபோதும், சற்று முன் அந்த அம்மாள் காதிலிருந்ததைக் கழற்றியபோதும் அழாதவள், போ என்று நான் சொன்ன பிறகுதான் அழுதாள்.