இடைவேளை வரை தளவாய்

"கண்ண மூடிக்கிடும் அண்ணாச்சி, எண்ண எறங்கிரும். இப்பம் காரு வந்து நிக்கு. கதவு தொறக்கு. பூட்ஸு மட்டுந்தான் தெரியுது. மூஞ்சியக் காட்டமாட்டான்."

குற்றாலத்தில் அருவிக்குப் போகும் வழியில், கல்லில் மல்லாந்து கிடப்பவரின் மார்பில் தளவாயின் உள்ளங்கைகள்தான் கார். வழுக்கிக்கொண்டு வந்து தொப்புளருகே பிரேக் போடுகின்றன. தென்காசிக் கொட்டகைக்கு அந்த மர்மப் படம் வந்ததிலிருந்து அவர் எண்ணெய் தேய்ப்பது இப்படித்தான். சண்டைக்குத் தொடை. விரல்கள் கழுத்துக்கு ஏறினால் கொலை வருகிறது என்று தெரிந்து ஆட்கள் நெளிகிறார்கள்.

அண்ணனைக் கொன்றவனைப் பழிவாங்க ஒருவன் பெயரை மாற்றிக்கொண்டு, கொலைகாரனின் தங்கையையே கல்யாணம் செய்துகொள்கிறான். தாலி ஏறியதும் இடைவேளை. தளவாயும் அங்கே நிறுத்தி, "திரும்பிப் படும்" என்பார். முதுகுக்குக் கதை கிடையாது, மிச்சம் கொட்டகையில். கேட்டவர்கள் ஈரத் தலையோடு பஸ் ஏறியிருக்கிறார்கள்.

பாதிப் பேர் திரும்பிவந்து அவரைத் திட்டினார்கள். டீக்கடை கிதிர் முகம்மது, "இருட்டப் படம் புடிச்சதுக்கு டிக்கெட்டாவே?" என்றார். தளவாய் அசரவில்லை. அந்த இருட்டில் சிகரெட் புகை ஏறுகிற அழகுக்கே இன்னொரு தடவை போகலாம் என்றார்.

மாடத்தியிடம்தான் அவர் வாய்ஜாலம் பலிக்கவில்லை. அவர் மனைவி, பக்கத்திலேயே மங்குஸ்தான் கூடையோடு உட்கார்ந்திருப்பவள். அவரோடு படத்துக்குப் போனவள் இடைவேளையில் எழுந்து வந்துவிட்டாள். "தாலியக் கட்டி ஏமாத்துதவனுக்குக் கைதட்டுதீரு. உம்ம பேராவது அசல் பேருதானா?" என்று கேட்டதோடு பேச்சு நின்றது. சாப்பிட வரச்சொல்வதும் கிதிர் முகம்மது வழியாகத்தான்.

நேற்று படத்துக்குக் கடைசி நாள். ஆட்டம் முடிந்ததும் படப்பெட்டி ஊரைவிட்டுப் போய்விடும். மாடத்தி பின்பாதியைப் பார்க்காவிட்டால், அவளுக்கு அவர் ஏமாற்றுக்காரனுக்குக் கைதட்டிய ஆளாகவே இருந்துவிடுவார்.

சாயங்காலம் ஒரு மதுரைக்காரர் திரும்பிப் படுத்தார். தளவாய் முதுகில் எண்ணெயை ஊற்றினார். யாரும் கேட்காமலே, அந்தப் பிடரியைப் பார்த்துச் சொன்னார்: "அந்தப் புள்ள தாலியக் கழத்தி அவன் கையில வைக்கா. உம்ம அசல் பேரு எனக்குக் கல்யாணத்துக்கு முன்னாலயே தெரியும்ங்கா."

பழம் பொறுக்கிக்கொண்டிருந்த மாடத்தியின் கை நின்றது.

"அப்பொறம்?"

அவரையே பார்த்துத்தான் கேட்டாள். தளவாய் உதட்டை இறுக்கிக்கொண்டு தேய்த்தார்.

"சொல்லுமே."

தோளில் தேய்த்தார். விலாவில் தேய்த்தார்.

மாடத்தி பழத்தின் மேல் ஈரச்சாக்கைப் போட்டு மூடினாள். கூடையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று தென்காசி பஸ்ஸை நோக்கி நடந்தாள். தளவாய் எண்ணெய்க் கிண்ணத்தை மதுரைக்காரர் கையில் கொடுத்து, "இதக் கொஞ்சம் பிடியும் அண்ணாச்சி" என்றார். பாதி முதுகு காய்ந்து கிடந்தது. பஸ் நகர, ஓடிப்போய்ப் படியில் தொற்றினார்.

மாடத்தி ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, பக்கத்து இடத்தில் வைத்திருந்த கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.