கதிரையில் கைக்குட்டை

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்கும் பல்லேகமவுக்கும் பஸ்ஸில் அலைகிற உத்தியோகம் எனக்கு. வழியில் தேநீர் குடிக்க இறங்கும்போது கைக்குட்டையை இருக்கையில் விரித்துவிட்டுத்தான் இறங்குவேன். இல்லாவிட்டால் மிச்சத் தூரமும் நின்றுகொண்டுதான் போகவேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். திரும்பி வந்தால், மனைவி என் கைக்குட்டை விரிந்து கிடந்த கதிரையைக் காட்டிச் சிரிக்கிறாள்.

"லேஞ்சிய விரிச்சிட்டுப் போறீங்க! வீட்டுல யாருங்க உங்க இடத்தப் புடிக்கப் போறாங்க?"

எனக்கு எரிச்சலாகிவிட்டது. கைக்குட்டையை எடுத்து மேசையில் எறிந்துவிட்டு உட்கார்ந்தேன். பஸ்ஸில் இருப்பதுபோல் கால் ஆடிக்கொண்டே இருந்தது. தெருவில் பஸ் ஹோர்ன் கேட்டதும் என்னையறியாமல் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

உள்ளே வந்து பார்த்தால், அதே கைக்குட்டை மறுபடியும் கதிரையில் விரிந்து கிடந்தது. இம்முறை விரித்தவள் அவள்.

"இருக்கட்டுங்க," என்றாள், சிரிக்காமல். "திரும்பி வருவீங்கன்னு அந்த லேஞ்சியாவது சொல்லட்டும்."