பெண் பார்க்க வராத வாசகர்கள்

வலைப்பூ தொடங்கிய முதல் மாதத்தில் என் வாசகர் எண்ணிக்கை பிரமாதமாக ஏறியது. பக்கத்தின் அடியில் ஒரு வருகை எண்ணியை ஒட்டிவைத்திருந்தேன். பக்கத்தை யார் திறந்தாலும் அதில் ஒன்று கூடும். கூடியிருக்கிறதா என்று பார்க்க நான் திறப்பேன். கூடியிருக்கும். அந்தச் சந்தோஷத்தில் இன்னொரு முறை திறப்பேன். தமிழ் இலக்கியத்துக்கு இப்படியொரு வரவேற்பா என்று எனக்கே மலைப்பாக இருந்தது.

அது இரண்டாயிரத்து ஆறோ ஏழோ. ராயபுரத்தில், கப்பல் சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் ஓர் அலுவலகத்தில் எனக்குத் தட்டச்சு வேலை. எந்தக் கண்டெய்னரில் எத்தனை மூட்டை என்று காலையெல்லாம் அடிப்பேன். முதலாளி சாப்பிடப் போனதும் அதே கணினியில் கவிதை அடிப்பேன். வீடு திருவொற்றியூரில், விரைவுச் சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில். வலைப்பூவுக்கு ‘புகைக்குள் ஒரு பொழுது’ என்று பெயர் வைத்திருந்தேன். பின்னணி கறுப்பு, எழுத்து சாம்பல் நிறம். கண்ணைக் கசக்கிக்கொண்டாலும் படிக்க முடியாது. படிக்க முடியாமல் இருப்பதுதான் இலக்கியம் என்று அப்போது நம்பினேன்.

முதலில் நிலா, மழை, பிரிவு என்று எழுதினேன். சீந்த ஆளில்லை. அந்தச் சமயத்தில் தமிழ் வலைப்பதிவர் எல்லாரும் நிலாவைத்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு நிலா எத்தனை பேருக்குத்தான் போதும்? ஒருநாள் சலித்துப்போய், மணலி ஆலைகள் பக்கமிருந்து காற்றடித்தால் எங்கள் வீட்டுச் சோறுகூட வாடை அடிக்கும் என்று நாலு வரி எழுதிப் போட்டேன். மறுநாள் பின்னூட்டம் குவிந்து கிடந்தது. ‘வலிக்கிறது தோழி.’ ‘கண்கள் பனித்தன.’ முந்திக்கொண்ட ஒருவர், ‘மீ த பர்ஸ்ட்டு.’ டொரான்டோவிலிருந்து ஒருவர் நெஞ்சு கனத்தார். அடையாற்றிலிருந்து ஒருவர் தூக்கம் தொலைத்தார். எங்கள் தெருவில் எல்லாரும் நன்றாகத்தான் தூங்கிக்கொண்டிருந்தோம். அது வேறு விஷயம். சரக்கு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. நிலாவை அன்றைக்கே கைகழுவினேன்.

அதற்குப் பிறகு வாரம் ஒரு வலி. சாக்கடை, சளி, கரி, கண்ணீர். எழுத எழுதக் கை தேர்ந்துவிட்டது. எங்கள் தெருவில் யார் தும்மினாலும் எனக்கு ஒரு பதிவு.

இந்த இடத்தில் எதிர் வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாயங்காலம் தெருமுனையில் மீன் வறுத்து விற்பவள். பூப்போட்ட நைட்டி, தோளில் ஒரு துண்டு, இதுதான் அவளுக்கு வருடம் முழுவதும் உடை. அவள் சிரித்தால் விரைவுச் சாலையில் நிற்கிற லாரி டிரைவர் திரும்பிப் பார்ப்பார். கரண்ட் போனால், ஆலைப் புகைபோக்கி உச்சியில் எரியும் நெருப்பைக் கைகாட்டி, “நமுக்கு இன்னா கவல, கம்பெனிக்காரன் வெளக்கு புட்ச்சிகினு கீறான்” என்பாள். அவள் புருஷன் ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவர், வாட்டசாட்டமான ஆள்.

இந்த அக்காவைப் பதிவில் ஏற்றுவதற்குச் சில சில்லறைத் திருத்தங்கள் தேவைப்பட்டன. நைட்டி இலக்கியத்துக்கு ஆகாது. எனவே நைந்த சேலை ஒன்றை உடுத்திவிட்டேன். கண்ணைச் சுற்றிக் கரி பூசினேன். புருஷனைக் கடலுக்கு அனுப்பினேன், திரும்பி வரவிடவில்லை. சிரிப்பை மொத்தமாக எடுத்துவிட்டேன். புகைபோக்கி நெருப்பை வெறித்தபடி வார்த்தையில்லாமல் நிற்கும் தாய் ஒருத்தி தயார். அந்தப் பதிவு, வலைப்பூக்களைத் தொகுத்துக் காட்டும் திரட்டியில் சூடான இடுகைகள் வரிசையில் போய் உட்கார்ந்தது. ‘அந்தத் தாயின் கால்களைத் தொட வேண்டும்’ என்று ஒருவர் எழுதினார். ‘அந்த மண்ணை ஒருமுறையாவது மிதிக்க வேண்டும்’ என்று அடையாற்றுக்காரர் எழுதினார்.

பதிவர் சந்திப்பு என்றால் அப்போதெல்லாம் மெரினாவிலோ ஏதாவது பூங்காவிலோ நடக்கும். சுண்டல் தின்றுவிட்டுக் கலைவார்கள். எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது. ‘மிதிக்க வேண்டுமென்றால் வாருங்கள், ஞாயிறு மாலை, எங்கள் தெருவில்’ என்று பதில் போட்டேன். முப்பது பேர் வருவதாகக் கை தூக்கினார்கள்.

வீட்டில் சொன்னேன். “ஞாயித்துக்கெழம என்னப் பாக்க முப்பது பேரு வர்றாங்கம்மா.”

இருபத்தேழு வயதில் கல்யாணமாகாமல் இருக்கிற ஒருத்தி எங்கள் தெருவில் இந்த வாக்கியத்தைச் சொன்னால் அதற்கு ஒரே பொருள்தான். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“முப்பது பேரா? பெரிய குடும்பமாட்டம் கீதே. மாப்ள இன்னா பண்றாரு?”

மாப்பிள்ளை இல்லை, நான் எழுதுவதைப் படிக்கிறவர்கள், வாசகர்கள் என்று மூச்சுமுட்ட விளக்கினேன். வலைப்பூ என்றால் என்ன, பின்னூட்டம் என்றால் என்ன, எல்லாம் சொன்னேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி, அந்த முப்பதுல கல்யாணம் ஆவாத ஒருத்தன் கூடவா இருக்க மாட்டான்?” என்றாள். தெருவில் அவள் யாரிடமும் பொய் சொல்லவில்லை. பூக்காரியிடம் கூடுதலாக நாலு முழம் சொல்லிவைத்தாள், அவ்வளவுதான். மீதியைத் தெருவே பார்த்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா மீன் கடை போடவில்லை. காலையிலேயே வந்து வடைக்கு ஊறப்போட்டாள். சாக்கடை ஓரமெல்லாம் பிளீச்சிங் பவுடர் விழுந்தது. தெருக்கோடியில் சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கும் அண்ணன், யாரும் கேட்காமலே பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கி, மைக் கட்டி, கம்பத்தில் கூம்பு ஸ்பீக்கரையும் ஏற்றிவிட்டார். எதற்கு மைக் என்று கேட்டேன். “நம்ம தெரு பொண்ணு, சும்மா வுட முடியுமா?” என்றார். பெண் பார்க்கும் சடங்கில் மைக்கில் என்ன சொல்வார்கள் என்று அவரும் யோசிக்கவில்லை.

எனக்கு வேறு பயம். வருகிறவர்கள் தாயின் காலைத் தொடக் கேட்பார்களே! அக்காவிடம் போய், “இன்னிக்கி ஒரு நாளு சேல கட்டேன்கா” என்று கெஞ்சினேன். “ஏன், என்னியா பொண்ணு பாக்க வர்றாங்க?” என்று சொல்லிச் சிரித்தாள். நைட்டியில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை.

நாலு மணி சந்திப்புக்கு ஐந்தரை வரை யாரும் வரவில்லை. குறுஞ்செய்திகள் வந்தன. ‘டிராஃபிக், அடுத்த முறை நிச்சயம்.’ ‘வயிறு சரியில்லை தோழி.’ அடையாற்றுக்காரர் பேசின் பாலம் வரை வந்தாராம். அதற்கு மேல் எப்படிப் போவதென்று கேட்டார். சொன்னேன். பதில் இல்லை. விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வழக்கம்போல வரிசைகட்டி நின்றன. எங்கள் வலியையெல்லாம் வாரம் தவறாமல் பகிர்ந்துகொண்டவர்களால் அந்த லாரி வரிசையை மட்டும் பகிர முடியவில்லை. டொரான்டோக்காரரை மன்னித்துவிட்டேன், அவருக்கு வழி தூரம்.

கிண்டல் இருக்கட்டும். அன்றைக்கு எனக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் கூசியது. முப்பது பேர் வேண்டாம், ஒரே ஒருவர் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து, ‘ஆமாம்மா, உங்க பொண்ணு எழுதுறத நான் படிக்கிறேன்’ என்று அம்மாவிடம் சொன்னால் போதும் என்றிருந்தது. நான் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அம்மாவோ தலையில் வைத்த பூவைக் கழற்றலாமா கூடாதா என்று தெரியாமல் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

தெரு என்னைத் தேற்ற ஆரம்பித்தது. வாக்குக் கொடுத்துவிட்டு வராத மாப்பிள்ளை வீட்டாருக்கு ஆளுக்கொரு சாபம். “மூஞ்ச தொங்கப் போட்டுக்காத. வராத கஸ்மாலம் வராமலே போவட்டும்” என்றாள் அக்கா. “எங்கூட்டுக்காரு கைல சொல்லி, ஹார்பர்லயே நல்ல பையனா பாத்துர்லாம்.”

“மாப்ள இல்லக்கா! நான் எழுதுறத படிக்கிறவங்க!” என்று கத்தியேவிட்டேன்.

சவுண்டு சர்வீஸ் அண்ணன் மைக்கைத் தட்டிப் பார்த்தார். “அப்ப எழுதுனத படி. கட்டுன மைக்க சும்மா அவுக்க முடியாது.”

என் கையில் இருந்தது ஒரே ஒரு பதிவின் அச்சுப்படி. வருகிறவர்களுக்குக் கொடுக்க அலுவலகத்தில் எடுத்த படி. நைந்த சேலைத் தாய். வேறு வழியில்லாமல் படித்தேன். கூம்பு ஸ்பீக்கர் என் வலியைச் சாலை வரைக்கும் கொண்டுபோனது. முதல் நாற்காலியில் அக்கா. தெருமுனை, அடுப்பு, எண்ணெய்ப் புகை என்று வரும்போது வேகமாகப் படித்துத் தாண்டினேன். இதோ கண்டுபிடித்துவிடுவாள், வடைத் தட்டு பறந்து வரப்போகிறது என்று காத்திருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

முடித்ததும் அவள்தான் முதலில் பேசினாள். “பாவம்மா. யாரு அந்தப் பொம்பள? எந்தப் பக்கம்?”

தெருவே என்னைப் பார்த்தது. “மணலி புதுநகர் பக்கம்கா” என்றேன்.

“புள்ளைங்க எதுனா கீதா?”

அதை நான் எழுதவில்லை. “தெரியலக்கா.”

“இத்தினி எழுதிக்கீற. அத்த கேக்கலியா நீ?”

அத்தனை பின்னூட்டங்களில் ஒருவர்கூட இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அக்கா எழுந்து வீட்டுக்குள் போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு பை. மிஞ்சிய வடையைப் பொட்டலம் கட்டி மேலே வைத்திருந்தாள். அடியில் ஒரு பச்சைச் சேலை, மடிப்புக்கூடக் கலையாதது. தம்பி கல்யாணத்துக்கு எடுத்ததாம்.

“நைஞ்ச சேலன்னு பட்ச்சியே. அந்தப் பொம்பளைக்கு குட்த்துடு. நான்தான் கட்றதே இல்லியே.”

மறுநாள் அலுவலகத்தில் பக்கத்தைத் திறந்தேன். ‘வர இயலவில்லை, ஆனால் மனம் முழுதும் அங்கேதான் இருந்தது’ என்று அடையாற்றுக்காரர் எழுதியிருந்தார். கீழே அதையே வழிமொழிந்து ஏழெட்டுப் பேர். வருகை எண்ணி நன்றாக ஏறியிருந்தது. பை என் மேசைக்கடியில், காலில் இடித்துக்கொண்டே இருந்தது. வடையை மட்டும் நான் சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் தெருமுனையில் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். “குட்த்தியா?”

“குடுத்தேன்கா.”

“இன்னா சொல்லிச்சு?”

என் பதிவுத் தாய்க்கு வார்த்தை கிடையாது. நானே பிடுங்கி வைத்தது. “கட்டிகினு சிரிச்சாங்கக்கா” என்றேன்.

“சிரிச்சுதா!” என்று அக்கா சிரித்தாள். லாரி டிரைவர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். அவள் மீனைத் திருப்பிப் போட்டாள்.

பச்சைச் சேலை அந்த அலுவலகத்தை விட்டு நான் விலகும்வரை மேசைக்கடியிலேயே கிடந்தது. எனக்குத் தெரிந்து அதைக் கொடுக்க இந்த ஊரில் ஒரே ஒரு பெண்தான் இருந்தாள். அவளோ நைட்டியைத் தவிர வேறெதுவும் கட்டமாட்டாள்.