மஞ்சள் கோடு போட்ட டியூப்

மருந்துக் கடையில் நிற்பவனுக்குக் கை ஓடவேண்டும், வாய் ஓடக்கூடாது என்பார்கள். எனக்குக் கை ஓடியதும் தப்பாகப் போனது, வாய் ஓடாததும் தப்பாகப் போனது. கண்ணாடி மேசைக்குப் பின்னால் நின்று காலம் தள்ளியவர்கள் யாராவது இதைப் படித்தால் சிரிக்காமல் படியுங்கள். உங்களுக்கும் இப்படி ஒன்று இருக்கும். வெளியே சொல்லியிருக்க மாட்டீர்கள், அவ்வளவுதான்.

எழுத்து இல்லாத வியாபாரம்

நான் படித்தது ஐந்தாவது. இங்கிலீஷ் எழுத்தில் பாதிக்கு மேல் பெயர் தெரியாது. கச்சிராயபாளையத்தில் முதலாளி என்னைக் கடையில் சேர்த்தபோது, எல்லாவற்றையும் நிறத்தை வைத்தும் இடத்தை வைத்தும்தான் சொல்லிக்கொடுத்தார். மேல்தட்டு இடது மூலை, மஞ்சள் கோடு போட்ட டியூப், கண்ணுக்கு. கீழ்த்தட்டு, நீலக் கோடு, சொறி படைக்கு. வருகிறவர்களும் "அந்த ரோஸ் மாத்திரை குடுப்பா" என்றுதான் கேட்பார்கள். அதனால் பத்து வருஷம் யாரும் என்னைக் கண்டுபிடிக்கவில்லை.

டாக்டர் சீட்டோடு வந்தால் முதலாளி பார்ப்பார். மற்றதெல்லாம் நான். வேகமாக எடுப்பேன், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். கரும்பு வெட்டிவிட்டுக் கைவலிக்கு மருந்து வாங்க வந்த பெரியவர் ஒருவர் அதைப் பார்த்து அசந்துபோய்ச் சொன்னார்: "இன்னாப்பா, எழுத்தே பாக்காம எடுக்கிற! கையிலயே கண்ண வெச்சினு பொறந்தியா?"

பிரிக்கக்கூடாத பெட்டி

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வாரம் அது. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டுவிட்டார்கள். பஸ் இல்லை. முதலாளி கள்ளக்குறிச்சியிலேயே மாட்டிக்கொண்டார். மறியலுக்கு முன்னால் வந்த கடைசி பஸ்ஸில் ஒரு மருந்துப் பெட்டி வந்து இறங்கியிருந்தது. சைக்கிளில் வந்த பால்காரரிடம் முதலாளி சொல்லி அனுப்பினார்: காய்ச்சல், தலைவலிக்கு மட்டும் கொடு, புதுப் பெட்டியை நான் வந்து பிரிக்கிறேன்.

நான் அன்றைக்கே பிரித்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகமுடியாத சனம் முழுக்க என் மேசை முன்னால் வந்து நின்றது. எனக்குத் தலை கொஞ்சம் வீங்கிவிட்டது. பெட்டியில் மஞ்சள் கோடு டியூப் இருந்தது. கையே அதை மேல்தட்டு இடது மூலையில் கொண்டுபோய் வைத்தது. சொறி மருந்துக்காரன் இந்தத் தடவை நீலத்தை மாற்றி மஞ்சள் போட்டிருக்கிறான் என்பது எழுத்துத் தெரிந்தவனுக்குத்தானே தெரியும்? பக்கத்து டீக்கடைக்காரன் வேறு உசுப்பேற்றினான்: "பஸ்ஸு இல்ல, டாக்டரு இல்ல, உங்க மொதலாளியும் இல்ல. இனிமே இந்த ஊருக்கு நீதான்டா டாக்டரு!"

மலையிறங்கி வந்த குப்பு

மறுநாள் கல்வராயன் மலையிலிருந்து ஒரு பெண் நடந்தே இறங்கி வந்தாள். பெயர் சின்னப்பொண்ணு. இடுப்பில் ஒன்றரை வயதுப் பெண்குழந்தை, குப்பு. வலது கண்ணின் மேல் இமை கொட்டைப்பாக்கு அளவுக்கு வீங்கி, சீழ் வடிந்து, இமைமயிரெல்லாம் ஒட்டிக் கிடந்தது. கட்டியின்மேல் நாமக்கட்டி உரசிப் போட்டிருந்தாள். "பெரியாஸ்பத்திரிக்கே தூக்கினு போயிடலாம்னுதான் வந்தேன். ரோடெல்லாம் மரங்கிறாங்களே அண்ணா" என்றாள்.

"கண்கட்டிக்கு எதுக்கு ஆஸ்பத்திரி?" என்றேன். நாமக்கட்டியை ஈரத்துணியால் துடைத்து, முதல் தடவை மருந்தை என் விரலாலேயே தடவினேன். குழந்தை துள்ளித் துள்ளி அழுதது. "எரியுதா, பயந்துக்கினு அழுவுதா?" என்று கேட்டாள். பயம்தான் என்றேன். அவள் டியூபை முந்தானையில் முடிந்துகொண்டு என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள்: "நல்லா இருப்பண்ணா. இன்னிக்கு உன்ன வுட்டா என் புள்ளைக்கு வேற யாரு?"

வாத்தியார் திரும்பி வந்தார்

அன்று சாயந்திரம் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரும் தன் அம்மாவின் கண்ணுக்கு அதே டியூபை வாங்கிப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். "ஏம்ப்பா, இது சொறிக்குப் போடறது. கண்ணுல படவே கூடாதுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான்" என்று விரலை வைத்துக் காட்டினார். எனக்கு அங்கே கோடுதான் தெரிந்தது.

ஓடிப்போய் மலைப்பாதை ஆரம்பிக்கிற இடம்வரை பார்த்தேன். அவள் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. டாக்டராக இருந்தால் கேட்டிருப்பேன். திரும்பி வந்தால் வாத்தியார் இன்னும் நின்றுகொண்டிருந்தார், பாவம், என்னைத் தேற்றுவதற்கு: "வுடுப்பா. நான் படிச்சுப் பாத்தனோ, பொழைச்சோம். படிக்கத் தெரியாதவங்க கையில குடுத்திருந்தா இன்னா ஆயிருக்கும்?"

தாய்ப்பால்

மூன்று நாள் கழித்து அவளே வந்தாள். குழந்தைக்கு இரண்டு இமையும் சேர்ந்து வீங்கி, தோல் வெந்தாற்போலச் சிவந்து, கண் என்ற ஒன்று இருக்கிற இடமே தெரியவில்லை. அழக்கூடத் தெம்பில்லாமல் அவள் தோளில் கிடந்தது. நான் முதலில் செய்த காரியம், அவள் கையிலிருந்த டியூபை வாங்கி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டதுதான்.

"நேத்து எங்க மாமியா சொன்னாங்கன்னு கண்ணுல தாய்ப்பால் வுட்டேன். அதாலதான் இப்படி ஆயிடுச்சா அண்ணா?" என்று கேட்டாள்.

இந்த இடத்தில்தான் என் வாய் ஓடியிருக்கவேண்டும். "ஆமா, அதாலதான்" என்று மட்டும் ஓடியது. அவள் என்னைத் திட்டவில்லை, சந்தேகப்படவில்லை. குழந்தையின் காதில் குனிந்து சொன்னாள்: "கேட்டியாடி குப்பு? உன் கண்ண அவிச்சது உன் ஆத்தாதான்டி."

மரத்தைத் தாண்டி

கடையைச் சாத்திவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். பின்னால் அவள், அவள் மடியில் குழந்தை. மரம் கிடக்கிற இடத்திலெல்லாம் இறங்கி, சைக்கிளைத் தோளில் தூக்கித் தாண்டினோம். ஓரிடத்தில் மறியல்காரர்கள் சைக்கிளுக்கும் வழி கிடையாது என்றார்கள். குழந்தையின் முகத்தைப் பார்த்ததும் அவர்களே கைமாற்றிக் கைமாற்றி அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஒருவர் என் முதுகில் தட்டினார்: "யாரோ பெத்த புள்ளைக்கு இம்மாந்தூரம் மிதிக்கிறியே, நல்ல மனசுய்யா உனக்கு!"

சட்டைப்பையில் டியூப் நெஞ்சைக் குத்திக்கொண்டே வந்தது.

டாக்டரம்மா கேட்டது

கள்ளக்குறிச்சிப் பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா குழந்தையைப் படுக்கவைத்துப் பஞ்சால் துடைத்துக்கொண்டே, "இன்னா போட்ட?" என்று கேட்டார். பால் விட்டதைச் சின்னப்பொண்ணு சொன்னாள். சரியான திட்டு விழுந்தது. தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். "வேற ஒண்ணும் போடலியே? மறைக்காம சொல்லு. அது தெரியாம நான் மருந்து எழுத முடியாது."

"இந்த அண்ணன் குடுத்த மருந்துதாம்மா. அதுல ஒரு கொறையும் இல்ல" என்றாள் அவள்.

அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. டியூபை எடுத்து மேசைமேல் வைத்தேன். டாக்டரம்மா படித்துவிட்டு நிமிர்ந்தார். "யாரு குடுத்தது இத?" நான்தாங்க என்றேன். பால் விட்டதால் இல்லை, இதனால்தான் என்றும் சொன்னேன். அவர் குழந்தையின் பக்கம் திரும்பிக்கொண்டார். நெடுநேரம் கண்ணைக் கழுவினார். இமையோடு நின்றிருக்கிறது, கருவிழிக்குப் போகவில்லை, பார்வை தப்பித்தது என்று தாயிடம் மட்டும் சொன்னார்.

அடி விழும் என்று நான் காத்திருந்தேன். சின்னப்பொண்ணு குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அந்த வழி முழுக்க அவள் சுமந்து வந்ததை அப்போதுதான் இறக்கி வைத்தவள்போல, என்னைப் பார்த்து மெல்லக் கேட்டாள்: "அப்போ, என் பாலு இல்லியாண்ணா?"

இங்கிலீஷ் எழுத்து இருபத்தாறையும் படித்துக்கொள்ள எனக்கு அப்புறம் மூன்று மாசம்தான் ஆனது. "நான்தான்" என்று தமிழில் சொல்ல மட்டும் கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சி வரைக்கும் ஆனது.