தலைவர் சுவரைப் பார்த்து நின்ற நாள்

என் கோணல் கையெழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவன்.

எங்கள் நெசவாளர் சங்கத்தில் நான் பியூன். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் மலர் பிரசவத்துக்குப் போகும்போது, அவசரத்துக்குத் திறக்கும் தலைமைப் பாஸ்வேர்டை, யாரும் தனியாகத் திறக்க முடியாதபடி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைத் தலைவருக்கும் மறுபாதியை எனக்கும் சொல்லிக்கொடுத்தார்.

ஒருநாள் கம்ப்யூட்டர் பூட்டிக்கொண்டது. இருப்புக் கணக்கு தெரியாமல் பட்டு நூல் கொடுக்க முடியவில்லை. தறியை நிறுத்திவிட்டு வந்தவர்கள் வாசலில் சத்தம் போட்டார்கள்.

தலைவர் தன் பாதியை அடித்துவிட்டு, "உன்னுத சொல்லுபா, நானே அடிக்கிறேன்" என்றார்.

வழி கேட்கக் கூப்பிட்டிருந்த போனில் மலர் குறுக்கிட்டார். "வேணாம் சார். அண்ணனே அடிக்கட்டும். நீங்க அந்தாண்ட திரும்பிக்கினு நில்லுங்க."

தலைவர் சிரித்துக்கொண்டே சுவரைப் பார்த்து நின்றார். என் பாதியை ஒற்றை விரலால் அடித்தேன். திறந்துகொண்டது.

"ஏம்பா, திரும்பலாமா?" என்று கேட்டார் தலைவர்.

அதுவரை யாரும் என்னிடம் அனுமதி கேட்டதில்லை. "திரும்புங்க சார்" என்றேன்.

ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை.